கலிங்கத்துப்பரணியில் மாய உலகும் மண்ணுலகும்

முன்னுரை

ஒருவன் தான் வாழும் உலகிலிருந்து ஒரு வாயிலைக் கடந்து வேறோர் உலகினுள் நுழைகின்றான். அங்கே மந்திரம் வழங்குகின்றது, உருவங்கள் மாறுகின்றன, நெடுந்தொலைவு நொடிப்பொழுதில் கடக்கப்படுகின்றது. பின்னர் அவன் தன் உலகிற்கே மீள்கின்றான். இத்தகைய கதைகளை இன்றைய இளைஞர் பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர். இவை மேலைநாட்டிலிருந்து வந்த புதுவகைப் புனைவுகள் என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. ஆங்கிலத்தில் லூயிஸ் கரோல் 1865இல் எழுதிய ஆலிஸின் கதையும், சி.எஸ். லூயிஸ் 1950 முதல் எழுதிய நார்னியாக் கதைகளும் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும், மாயமும் உலகுவிட்டு உலகு செல்லும் பயணமும் தமிழுக்குப் புதியன அல்ல. அவற்றை முழுமையாகக் கையாண்ட ஒரு நூல், சோழர் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியே அந்நூல்.

வரலாற்றறிஞர் பரணியிலிருந்து அரசர் வரிசையையும் போர்ச் செய்தியையும் எடுத்துக்கொண்டு பேய்களை விட்டுவிட்டனர். இலக்கியச் சுவைஞர் பேய்களின் நகைச்சுவையைச் சுவைத்து வரலாற்றை விட்டுவிட்டனர். இரு கூறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கின், பரணியின் மாயம் எதற்காகப் படைக்கப்பட்டது என்னும் வினாவிற்கு விடை கிட்டும். அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் இயல்பு

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்து 2007ஆம் ஆண்டில் முடிவாகப் பிரிந்தவை. இம்மண்ணில் ஓர் உலகின்மேல் மற்றோர் உலகு படிந்திருப்பது கண்கூடு. இன்று வறண்ட கரிசலும் முந்திரிக் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாகக் காணப்படும் நிலம் ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது. காரை போன்ற ஊர்களின் ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லெச்சங்கள் இன்றும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ப்போன மரம் ஒன்று ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்திற்குப் படுத்துக் கிடக்கின்றது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்பர். நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை உலகிற்கு அறிவித்தார்.

மக்கள் வழக்கிலும் மாயக்கதைகளுக்குக் குறைவில்லை. பெரம்பலூருக்குத் தெற்கே உள்ள சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் கொண்டுள்ளாள். அவ்வூரில் முன்பே குடியிருந்த செல்லியம்மனை மந்திரவாதி ஒருவன் தன் மந்திர வலிமையால் கட்டுப்படுத்தி வைத்திருந்தான் என்றும், அங்கு வந்த காளி அவனை அழித்துச் செல்லியம்மனை விடுவித்தாள் என்றும் தலமரபு கூறும். மதுரையை எரித்த கண்ணகியே சினம் தணிந்து இங்கு அமைந்தாள் என்று கூறுவாரும் உளர். தெய்வமே மந்திரத்திற்குக் கட்டுப்படும் என்பதும், அக்கட்டை அறுக்க மற்றொரு தெய்வம் நெடுவழி கடந்து வரும் என்பதும் இக்கதையின் உட்கிடை. கதை கேட்ட மக்களுக்கு மாய உலகு அண்டை ஊர்போல் அருகில் இருந்தது என்பதை இது புலப்படுத்துகின்றது.

காப்பியங்களில் உலகுகடந்த செலவு

பரணிக்கு முன்பே தமிழ்க் காப்பியங்கள் இவ்வகைப் பயணங்களைப் பாடியுள்ளன. மணிமேகலையை அவள் குலதெய்வம் உறக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் வைக்கின்றது. அங்கே அவள் தன் முற்பிறப்பை அறிகின்றாள். வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைத் தாங்கவும் உதவும் மூன்று மந்திரங்களைப் பெறுகின்றாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகின்றது. முதலிரு மந்திரங்களையும் எந்த நாட்டு மாயக்கதையிலும் காணலாம். பசியைத் தாங்கும் மந்திரமும், பிறர் பசியைத் தீர்க்கும் கலமும் சாத்தனாரின் தனிச்சிறப்பு ஆகும்.

எதிர்த்திசைப் பயணமும் அக்காப்பியத்தில் உண்டு. காயசண்டிகை என்னும் விஞ்சை மகள் தன் உலகிலிருந்து மண்ணுலகிற்கு வந்தவள். முனிவன் ஒருவனின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் வருந்துகின்றாள். எவ்வளவு உண்டும் தீராத அப்பசி அமுதசுரபியின் ஒரு பிடி உணவால் தீர்கின்றது. வேற்றுலகப் பெண் மண்ணுலகிற்கு வந்து முதலில் கற்றது பசி என்பது கருதத்தக்கது.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலோ இப்பயணம் வேறொரு தன்மை பெறுகின்றது. சீதத்தன் என்னும் வணிகன் கடல்வாணிகம் முடித்து மீள்கையில் அவன் கலம் மூழ்குவதாகத் தோன்றுகின்றது. விஞ்சையர் வேந்தனான கலுழவேகனின் ஏவலன் செய்த மாயம் அது. வணிகன் வெள்ளிமலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விஞ்சையர் மகளான காந்தருவதத்தையை யாழ்ப்போட்டிக்காக மண்ணுலகிற்கு அழைத்து வருகின்றான். இங்கே மாயம் இன்பத்திற்கும் மணத்திற்கும் வழிவகுக்கின்றது.

இவ்விரு போக்குகளையும் செயங்கொண்டார் அறிந்திருத்தல் இயல்பே. அவர் தம் பரணியில் வெற்றிக் களிப்பையும் பசியையும் ஒரே இடத்தில் வைத்தார்.

பரணியின் இரண்டு உலகங்கள்

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் நூலார் கூறும் இலக்கணம். பிற வகை நூல்கள் பெரும்பாலும் வென்றவன் பெயரைப் பெறும். பரணியோ தோற்றவர் பெயரைப் பெறும். பரணி நாள்மீன் காளிக்கும் யமனுக்கும் உரியது. எனவே வெற்றிப் பாட்டாயினும் சாவின் நிழல் அதன் பெயரிலேயே படிந்துள்ளது எனலாம்.

பரணியின் பாட்டுடைத் தலைவன் முதற் குலோத்துங்கன். அவன் 1070இல் சோழ அரியணை ஏறி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டவன். சுங்கம் தவிர்த்தவன் என்று மக்கள் போற்றிய பெயர் பெற்றவன். அவன் காலத்தில் நிகழ்ந்த கலிங்கப் போர்கள் இரண்டு. அவற்றுள் 1110ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த பிற்போரே நூலின் பொருள். கலிங்க மன்னன் திறை செலுத்தத் தவறினான் என்பதற்காகப் படை அனுப்பப்பட்டது. தலைமை தாங்கியவன் கருணாகரத் தொண்டைமான்.

இச்செய்தியை நேரே கூறின் ஒரு மெய்க்கீர்த்தி போதும். செயங்கொண்டாரோ போரை அரண்மனையிலிருந்து தொடங்கவில்லை. மகளிரைக் கதவு திறக்குமாறு வேண்டும் கடைதிறப்பில் இனிய நகரத்தைக் காட்டுகின்றார். அக்கதவுகளுக்கு அப்பால் நாம் நுழைவது வெந்து தீய்ந்த காளியின் காடு. காட்டின் நடுவே காளியின் கோயில். போரில் வீழ்ந்தோரின் உடற்கூறுகளே அக்கோயிலின் கட்டுமானப் பொருள்கள். கோயிலில் காளி, காளியைச் சூழப் பசியால் வற்றிய பேய்கள். நகர மகளிரின் வாயிலிலிருந்து பேய்களின் உலகிற்குப் படிப்பவரைச் சில தாழிசைகளுக்குள் புலவர் அழைத்துச் சென்றுவிடுகின்றார்.

நூலின் பெரும்பகுதி பேய் உலகிலேயே நிகழ்கின்றது. குலோத்துங்கனின் புகழும், கலிங்கப் போரின் போக்கும் பேய்களின் வாய்மொழியாகவே நம்மை வந்தடைகின்றன. நூலின் ஒரு பகுதிக்கே 'காளிக்குக் கூளி கூறியது' என்பது பெயர். மண்ணுலகின் வரலாற்றை மாய உலகினர் கண்வழி நோக்கும் இவ்வமைப்பு தமிழில் முன்னுவமை காண்டற்கு அரியது.

இந்திரசாலம்

பரணியின் ஒரு பகுதி 'இந்திரசாலம்' என்றே பெயர் பெற்றுள்ளது. காளியின் சினத்திற்கு அஞ்சி முன்பு ஓடிப்போன முதுபேய் ஒன்று இமயத்தில் மாயக்கலை பயின்று திரும்பி வருகின்றது. தான் கற்றதைக் காளியின் முன் காட்ட இசைவு கேட்கின்றது. கையில் யானைத் துதிக்கைகளைக் காட்டுகின்றது. கை மாறியதும் அவை யானைத் தலைகளாகின்றன. குருதி பெருகும் போர்க்களமே கண்முன் விரிகின்றது.

சுற்றியிருந்த பேய்கள் அதனை மெய்யென்று நம்புகின்றன. நெடுநாட் பசியோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளுகின்றன. கைக்கு எதுவும் வரவில்லை. வாய்க்கும் எதுவும் வரவில்லை. மாயம் வளர வளரப் பசியும் வளர்கின்றது. இறுதியில் இவ்வித்தையை நிறுத்துமாறு அவை கெஞ்சும் நிலை ஏற்படுகின்றது.

படிப்போர் இவ்விடத்தில் நகைப்பது வழக்கம். புலவரும் நகைப்பையே கருதியிருக்கக்கூடும். எனினும் நகைப்பிற்கு அடியில் ஓர் உண்மை உள்ளது. மாயக்காட்சி கண்ணை நிறைக்கும், வயிற்றை நிறைக்காது. போர்க்களக் காட்சியைக் கண்டு மகிழ வல்லவர் பசி இல்லாதவரே. பசித்தவர்க்கு அக்காட்சி துன்பத்தை மிகுவிக்கின்றது. போரைப் பாடும் நூலிலேயே போர்க்காட்சியை ஒரு பொய்த்தோற்றமாக முதலில் காட்டிவிட்ட துணிவு வியத்தற்குரியது.

மாயப்பேய் கொணர்ந்த மரபுவழி

இந்திரசாலம் காட்டிய அதே பேயே அடுத்த பகுதியாகிய இராச பாரம்பரியத்தையும் கூறுகின்றது. கரிகாலன் இமயத்திற்குச் சென்றபோது நாரதர் வந்து சோழர் குலவரலாற்றை உரைத்தார் என்றும், கரிகாலன் அதனை இமயமலையில் பொறித்து வைத்தான் என்றும், தான் அங்கிருந்தபோது அதனைக் கண்டறிந்ததாகவும் முதுபேய் கூறுகின்றது. கரிகாலன் காலத்திலேயே பிற்காலத்துக் குலோத்துங்கன் வரையிலான வழிமுறை எழுதப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். இன்றைய மொழியில் கூறின், காலத்தையே கடந்த பயணம் இது.

இத்தகைய மாயம் ஏன் வேண்டப்பட்டது? விடை வரலாற்றில் உள்ளது. குலோத்துங்கன் தந்தைவழியில் சோழன் அல்லன். கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும், முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன். வேங்கி நாட்டு இளவரசனாகிய அவன், அதிராசேந்திரன் மறைந்து நாடு குழம்பிய நிலையில் சோழ அரியணை ஏறினான். கங்கைகொண்ட சோழனின் மகள் வயிற்றுப் பேரன் என்பதே அவன் உரிமைக்கு அடிப்படை. அவ்வுரிமைக்கு ஐயம் எழாதிருக்க வேண்டுமாயின், அவன் வருகை முன்பே வகுக்கப்பட்டதாக இருத்தல் நன்று. இமயத்தில் பொறிக்கப்பட்ட குலவரலாறும், திருமாலே அவனாகப் பிறந்தான் என்று கூறும் 'அவதாரம்' என்னும் பகுதியும் இத்தேவையை நிறைவேற்றின.

போரின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன் சோழ இளவரசி இராசசுந்தரியின் மகன். அவன் பெயரிலேயே சோழம் கலந்துள்ளது. ஆகவே கலிங்கப் போரில் எதிர்நின்ற இருவருமே சோழப் பெண்களின் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருவன் தாய்வழியால் சோழனானான். மற்றொருவன் அதே தாய்வழி இருந்தும் பகைவனானான். இமயப்பேய் படித்த கல்லில் ஒருவன் பெயர் இருந்தது. மற்றவன் பெயர் இல்லை. இராச பாரம்பரியத்தைப் பகைவனின் தாய்வழியோடு வைத்து நோக்கும்போதுதான் மரபுவழியின் அரசியல் விளங்குகின்றது.

பொய்யான போர்க்களத்தைக் காட்டிய வாயே அரசனின் குலவரலாற்றையும் கூறுமாறு புலவர் அமைத்தது தற்செயலா, கருதிச் செய்ததா என்பதை இன்று அறுதியிட இயலாது. அரசவையில் இருந்த புலவர் அரசனை ஐயுற்றார் என்று கூறுதல் மிகை. ஆனால் நூல் அவ்வாறு அமைந்துள்ளது என்பதையும், நூலின் அமைப்பு அரசனின் ஆணைக்கு உட்பட்டதன்று என்பதையும் மறுத்தற்கில்லை.

உருமாறிய வீரர்கள்

மந்திரம் கற்ற பேய் மட்டுமே உருமாற்றம் செய்வதன்று. போர் முடிவில் கலிங்க வீரர் உயிர்தப்ப வேற்றுருக் கொள்கின்றனர். வில்நாணைப் பூணூலாக அணிந்து கங்கையாடச் செல்லும் அந்தணர் என்கின்றனர் சிலர். தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்கின்றனர் சிலர். குருதி தோய்ந்த ஆடையைப் போர்த்துப் புத்தத் துறவியர் என்கின்றனர் வேறு சிலர். மன்னனோ எங்கோ ஒளிந்துவிட்டான். படைவீரனுக்கு ஒளிய இடமில்லை. உருவை மாற்றிக்கொள்ளும் மாயமே அவனுக்கு எஞ்சியது.

இதுவும் எள்ளலாகவே பாடப்பட்டது. ஆயினும் பின்னர் களத்தில் பேய்கள் கூழ் உண்ணும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்பன வரிசையில் வந்து நிற்கின்றன. மண்ணுலகில் வேடமாக இருந்தவை பேய் உலகில் மெய்யாக வந்து உணவு கேட்கின்றன. இரண்டு உலகங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடியாக அமைந்துள்ள திறத்தை இவ்விடத்தில் தெளிவாகக் காணலாம்.

கூழ்

போர் முடிந்த செய்தி அறிந்து காளியும் பேய்களும் களத்திற்கு வருகின்றனர். காட்சி இப்போது பொய்யன்று. முரசுகள் உரலாகின்றன, யானைக் கொம்புகள் உலக்கையாகின்றன, மாண்டவரின் பற்கள் அரிசியாகின்றன. பேய்மகளிர் அரசனைப் புகழ்ந்து வள்ளைப்பாட்டுப் பாடிக் குற்றுகின்றனர். கூழ் சமைத்து, குருடர், ஊமையர் என்று எவரையும் விடாது பங்கிடுகின்றனர்.

இப்பகுதியின் அருவருப்பு பலரை விலக்கியுள்ளது. சொற்களை மட்டும் நோக்காது செயல்களை நோக்கின், இது ஓர் எளிய ஊரின் விருந்து. நெல் குற்றல், அரித்தல், உலை வைத்தல், கூழ் கிண்டல், பதம் பார்த்தல், பந்தி வைத்தல், இயலாதவர்க்கும் தருதல் ஆகிய யாவும் உழுகுடிப் பெண்களின் அன்றாடத் தொழில்கள். அரண்மனை விருந்தைப் பாடவேண்டிய புலவர் கூழைப் பாடினார். வெற்றி விழாவில் எவருக்கும் பங்கு கிடைக்காத அடித்தட்டு மக்களின் அடுக்களையே பேய் உலகில் இடம்பெற்றுள்ளது.

வெற்றி என்பது ஒரு நாட்டிற்குத் திறையாகவும், யானையாகவும், பொன்னாகவும் வந்து சேர்கின்றது. அதன் மறுபுறத்தில் கிடப்பது உடல்கள். அவ்வுடல்களை அரசவையில் வைத்துப் பாட இயலாது. ஆகவே அவற்றை வைப்பதற்கென ஓர் உலகைப் புலவர் படைத்துக்கொண்டார். பேய்கள் வாழும் அவ்வுலகில் போரின் விலையை எண்ணிக் காட்டத் தடையில்லை. தமிழ் மாயக்கதையின் முதிர்ந்த பயன் இதுவே எனலாம்.

வரலாறு அப்போரை மற்றொரு வகையிலும் திருத்தியது. பரணி அழிந்ததாகக் காட்டும் கலிங்கம் அழியவில்லை. சோடகங்கன் அதன் பின்னரும் நெடுங்காலம் ஆண்டான். பூரியில் செகந்நாதர் பெருங்கோயில் எழத் தொடங்கியது அவன் ஆட்சியிலேதான்.

கற்கள் கூறும் செய்தி

கங்கைகொண்ட சோழபுரத்தின் கற்களும் இக்கதையின் தொடர்ச்சியைக் கூறுகின்றன. முதல் இராசேந்திரனின் படை 1023ஆம் ஆண்டையொட்டிக் கங்கை வரை சென்று மீண்டது. அதன் நினைவாக எழுந்த தலைநகரில் சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. கங்கைநீரைக் கொணர்ந்து அமைத்த அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. தொலைவிலுள்ள ஓர் ஆறு தென்னாட்டில் வந்து தங்கியது என்பது மெய்யாகவே நிகழ்ந்த ஓர் உலகுமாற்றம்.

ஆறு மட்டும் வரவில்லை. இக்கோயிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கலிங்கப் பாணியில் அமைந்த செந்நிறக் கற்சிற்பங்கள் உள்ளன. காளியும் பைரவரும் அவற்றுள் அடங்குவர். படையெடுப்பின் வெற்றிப் பொருள்களாக இவை கொணரப்பட்டன என அறிஞர் கருதுவர். சாளுக்கியக் கலைமரபைச் சார்ந்த சிற்பமும் கோயிலில் உண்டு. செயங்கொண்டாரின் பேய் இமயத்திலிருந்து வந்தது கற்பனை. கலிங்கத்துக் காளி சோழநாட்டிற்கு வந்தது வரலாறு. தோற்ற நாட்டின் தெய்வத்தை வென்ற நாட்டின் மக்கள் விளக்கேற்றி வணங்கலாயினர். இம்மண்ணின் மக்கள் பகைநாட்டுக் காளியைப் பகையாகக் கருதவில்லை.

1279இல் சோழப் பேரரசு முடிவுற்றது. நகரம் சிதைந்தது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும் கூரையோடுகளும் சீனப் பானையோடுகளும் வெளிப்பட்டன. 2021 முதல் மீண்டும் அகழாய்வு நடத்தப்பட்டது. கோயில் 2004இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது.

இடையில் நிகழ்ந்த ஒன்று சிந்தனைக்குரியது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது இக்கோயிலின் மதில்களும் பிற கட்டடப் பகுதிகளும் தகர்க்கப்பட்டு, கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பு இது, இதனை மறுத்தற்கில்லை. எனினும் ஆயிரம் கல்வெட்டுச் செய்திகளை விழுங்கிய அவ்வணையே வயல்களுக்கு நீரும் தந்தது. வெற்றிக்கு நட்ட கல் பசிக்குச் சென்ற இந்நிகழ்ச்சியைக் கேட்டால் பரணியின் பேய்கள் என்ன கூறுமோ, கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

உரைநடைக் காலம்

செய்யுளில் வளர்ந்த இம்மரபு உரைநடைக்கும் வந்தது. மக்கள் மதனகாமராசன் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வாங்கி, திண்ணையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். காடாறு மாதம் நாடாறு மாதம் என்னும் விக்கிரமாதித்தனின் வாழ்க்கைமுறை பழமொழியாகவே நிலைத்துவிட்டது. ஓர் அரசன் ஆண்டில் பாதியை இவ்வுலகிலும் பாதியை வேதாளத்தின் உலகிலும் கழிக்கின்றான் என்னும் கருத்தை எழுத்தறியாதவரும் எளிதில் ஏற்றனர்.

அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் அச்சேறியது. அதில் ஆறு உறங்கும், விழித்திருக்கும். கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்து ஆறு விழித்திருக்கின்றதா என்று சீடன் ஆராய்கின்றான். மந்திரம் எதுவும் இல்லாமலே அறியாமை ஒரு மாய உலகைப் படைத்துக்கொள்ளும் என்று அக்கதை காட்டியது.

1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தபின் நாவல் நடப்பியலின் பக்கம் சாய்ந்தது. பேயும் பூதமும் படிப்பில்லாதவர்க்கு உரியன என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியது. இவ்வெண்ணத்திற்கு உட்படாதவர் பாரதியார். 1910இல் நூலாக வந்த அவருடைய ஞானரதம், திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் தொடங்கி உபசாந்தி உலகு, கந்தர்வ உலகு, சத்திய உலகு, மண்ணுலகு, தரும உலகு எனப் பல உலகங்களில் உலவுகின்றது. மனத்தைத் துறக்க இயலாதவனுக்கு உபசாந்தி உலகின் கதவு திறப்பதில்லை. இன்பமே நிறைந்த கந்தர்வ உலகிலும் அவனால் தங்க முடிவதில்லை. உலகங்களின் வரிசையில் மண்ணுலகையும் ஓர் உலகாக வைத்து, வெளியிலிருந்து வருபவன்போல் அதனைப் பார்த்ததே ஞானரதத்தின் புதுமை. உலகுவிட்டு உலகு செல்லும் தற்காலத் தமிழ்ப் புனைவிற்கு அந்நூலே முன்னோடி ஆகும்.

புதுமைப்பித்தன் 1943இல் இப்பயணத்தைத் தலைகீழாக்கினார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில் கடவுளே சென்னைக்கு வருகின்றார், காப்பி அருந்துகின்றார், பிழைப்பிற்கு வழி தேடவேண்டியவராகின்றார். காயசண்டிகையைப் போலவே கடவுளும் மண்ணுலகில் வயிற்றைப்பற்றி அறிந்துகொள்கின்றார். கல்கியின் சோலைமலை இளவரசி 1942 விடுதலைப் போராட்ட வீரன் ஒருவனை ஒரு பாழடைந்த கோட்டையில் நூறாண்டுக்கு முற்பட்ட அரசனாக வாழச் செய்தது. பொன்னியின் செல்வனில் வரும் பழுவேட்டரையர்களின் பழுவூரும் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் வேதாளத்தையும் விக்கிரமாதித்தனையும் பல தலைமுறைக் குழந்தைகளிடம் கொண்டு சேர்த்தது. இவ்விதழ் பின்னர் நின்றுபோயிற்று, கதைகள் நிற்கவில்லை.

நிறைவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. தமிழ் மாயக்கதைகளில் பிறவுலகம் தப்பியோடும் இடமாக நெடுநேரம் நீடிப்பதில்லை. மணிமேகலை மணிபல்லவத்திலிருந்து அமுதசுரபியோடு மீள்கின்றாள். பரணியின் இமயப்பேய் மந்திரத்தோடு மீண்டும் பசியைத் தீர்க்க இயலாமல் நிற்கின்றது. ஞானரதம் மண்ணுலகையும் தன் வழியில் ஒரு நிறுத்தமாகக் கொள்கின்றது. சென்று மீண்டவர் அனைவரையும் மண்ணுலகின் பசி எதிர்கொள்கின்றது. அப்பசிக்கு என்ன விடை கொண்டுவந்தாய் என்பதே தமிழ் மரபு மாயப் பயணியிடம் கேட்கும் கேள்வி.

இன்று புதிய மாயப் புனைவுகளை எழுத விழையும் இளைஞர் பலர் உளர். கோட்டைகளையும் மந்திரக்கோல்களையும் அயல்நாட்டு நூல்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. கலைகள் என்றும் எல்லை கடந்தே வளர்ந்துள்ளன; கலிங்கத்துக் காளி இம்மண்ணில் தங்கியதே அதற்குச் சான்று. ஆயினும் எழுதுமுன் ஒருமுறை கங்கைகொண்ட சோழபுரம் சென்று, செந்நிறக் கல்லில் அமைந்த அயல்நாட்டுத் தெய்வத்தின் முன் சற்று நிற்பது நன்று. அங்கிருந்து சாத்தனூர் சென்று கல்லான மரத்தைக் காண்பதும் நன்று. பின்னர்ப் பரணியைத் திறந்து, அரசனின் பெயரைத் தேடுவதை விட்டுப் பேய்களின் பந்தி வரிசையைப் படிக்க வேண்டும். அவ்வரிசையின் கடைசியில் நிற்கும் பேய்க்கும் கூழ் கிடைத்ததா என்று பார்த்துப் பாடிய புலவர் செயங்கொண்டார். அரசனைப் பாட வந்த இடத்தில் அவர் அதனைப் பார்த்தார் என்பதே அவர் நூல் ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்திருப்பதற்குக் காரணம் எனலாம்.